நோயாளியும் ஊராரும் ஆய்வில் கூட்டாளிகளாக: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் உடல்நல ஆய்வு செய்யப் புறப்படும் மருத்துவர்கள், செவிலியர்கள், முதுநிலை மாணவர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஒரு பக்கம். "எங்ககூட உக்காந்து யோசனை சொல்லுங்க" என்று அழைப்பு வந்த நோயாளிகளும் வீட்டாரும் மறுபக்கம். இரு தரப்பும் கேட்பவை இங்கே கலந்தே வருகின்றன. ஒரு தரப்புக்குச் சொன்ன பதிலை மறு தரப்பும் படிக்க வேண்டும் என்பதால்தான் பிரித்து வைக்கவில்லை.

கூட்டாளி என்றால் யார்? ஆய்வுக்கு ரத்தம் கொடுப்பவரும் கூட்டாளிதானே?

இல்லை. ரத்தம் கொடுப்பவர், புது மருந்தைச் சாப்பிடுபவர், கேள்வித்தாளுக்குப் பதில் சொல்பவர் எல்லாரும் பங்கேற்பாளர்கள். அவர்களிடமிருந்து தகவல் எடுக்கப்படுகிறது. கூட்டாளி ஆய்வாளரோடு ஒரே மேசையில் உட்கார்பவர். எதை ஆராய்வது, யாரிடம் கேட்பது, எதை அளப்பது, முடிவை ஊருக்கு எப்படிச் சொல்வது என்று சேர்ந்து தீர்மானிப்பவர். இருபது வருடமாகச் சுகரோடு வாழ்ந்தவர், பக்கவாதம் வந்த மாமனாரைப் பார்த்துக்கொண்டவர், நோய் வரக்கூடிய தொழிலில் இருப்பவர் எல்லாரும் இதற்குத் தகுந்தவர்களே.

ஒரே ஆய்வில் ஒருவரே இரண்டுமாக இருப்பதைத் தவிருங்கள். கேள்வித்தாளை உருவாக்கியவரே அதற்குப் பதிலும் சொன்னால் அந்தப் பதில் ஆய்வுக்குப் பயன்படாது.

இதனால் ஆய்வுக்கு என்ன லாபம்? மரியாதைக்காகச் செய்வதா?

மரியாதையும் உண்டு. ஆனால் லாபம் கண்ணுக்குத் தெரிவது. முடக்குவாத ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். வீங்கிய மூட்டு எத்தனை, வலி எவ்வளவு, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்றுதான் மருத்துவர்கள் பல்லாண்டு அளந்துவந்தார்கள். எதை அளப்பது என்று முடிவு செய்ய ஓமெராக்ட் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 2002-ல் கூடியபோது முதன்முறையாக நோயாளிகளையும் உட்கார வைத்தது. "எங்களை முடக்குவது சோர்வு, அதை நீங்கள் அளக்கவே இல்லையே" என்ற கருத்து அங்கே நோயாளிகளிடமிருந்து வந்தது. சில ஆண்டுகளில், முடக்குவாத மருந்துச் சோதனைகளில் சோர்வையும் அளக்க வேண்டும் என்று அதே கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. அத்தனை நிபுணர்கள் இருந்தும் விடுபட்ட விஷயம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயன் சால்மர்ஸ், பால் கிளாசியூ என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2009-ல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில், மருத்துவ ஆய்வுக்குச் செலவாகும் பணத்தில் சுமார் 85 விழுக்காடு தவிர்க்கக்கூடிய வகையில் வீணாகிறது என்று கணக்கிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முதலாவது, நோயாளிக்கும் மருத்துவருக்கும் தேவைப்படாத கேள்வியை ஆராய்வது.

எந்தக் கட்டத்தில் அழைக்க வேண்டும்?

ஆய்வுக் கேள்வி முடிவாகும் முன்பு. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பெரும்பாலும் நடப்பது வேறு. திட்டம் எழுதி, நிதி வாங்கி, நெறிமுறைக் குழுவின் (ஆய்வுத் திட்டத்தைச் சீர்தூக்கிப் பார்த்து அனுமதி தரும் குழு) ஒப்புதலும் வந்த பிறகு நான்கு நோயாளிகளை வரவழைத்து, பொன்னாடை போர்த்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். வீட்டைக் கட்டி முடித்துப் பால்காய்ப்புக்கு அழைத்த பிறகு, அடுப்படி எந்தப் பக்கம் வரட்டும் என்று கேட்பது போன்றது அது. வந்தவர்களுக்கு "நல்லாருக்கு" என்பதைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லை. ஒப்புதல் பெற்ற திட்டத்தில் ஒரு வரியை மாற்றினாலும் திருத்தமாக மறுபடி நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதால் ஆய்வாளரும் மாற்ற விரும்புவதில்லை. யார் மேலும் குற்றம் இல்லாமலே எல்லாம் சடங்காகிவிடுகிறது.

முன்பே அழைத்தால் என்ன மாறும்? பீடி சுற்றும் பெண்களின் கழுத்து, இடுப்பு வலியை ஆராயப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?" என்பது கேள்வித்தாளின் முதல் கேள்வியாக இருக்கும். முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ பீடி சுற்றும் எந்த அக்காவும் மணிக்கணக்கில் வேலையை அளப்பதில்லை. உலை வைத்துவிட்டு நூறு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இருநூறு என்று எண்ணிக்கையில்தான் நாள் போகிறது. எத்தனை பீடி என்று கேட்டால் சரியான பதில் வரும். "புகையிலை பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், நாள் முழுக்கத் தூளைக் கையால் அள்ளினாலும். பயன்படுத்துவது தனிக் கேள்வி, கையாள்வது தனிக் கேள்வி. ஒருவர் பெயரில் பீடிக் கம்பெனி கொடுத்த பாஸ் புத்தகத்துக்கு வீட்டில் இரண்டு மூன்று பேர் சுற்றுவதும் உண்டு. கம்பெனிப் பட்டியலை மட்டும் வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் ஆய்வுக்குள் வரவே மாட்டார்கள். இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள். தகவல் திரட்டி முடித்த பிறகு அவர்களைச் சந்தித்தால், திரட்டியதைத் தூக்கிப் போடத்தான் வேண்டியிருக்கும்.

இந்திய விதிகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் சமூகத்தை ஆய்வில் ஈடுபடுத்துவதைப் பற்றிப் பேசுகின்றன. சமூக ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, ஆய்வாளர், நெறிமுறைக் குழு, மக்கள் மூவருக்கும் இடையே பாலமாக வைக்கலாம் என்கின்றன. ஊரோ தலைவரோ சம்மதித்தாலும் தனிமனிதரின் ஒப்புதலை அது ஈடுசெய்யாது என்பதும் அதிலேயே இருக்கிறது. உலக மருத்துவச் சங்கம் 2024 அக்டோபரில் திருத்திய ஹெல்சின்கிப் பிரகடனம், ஆய்வுக்கு முன்பும் நடக்கும்போதும் முடிந்த பின்பும் மக்களைப் பொருளுள்ள விதத்தில் ஈடுபடுத்த வேண்டும் என்கிறது. "முன்பும்" என்பதைக் கவனியுங்கள்.

நிறுவனமாக்கி முறைப்படுத்தியதில் இங்கிலாந்து முன்னோடி. அங்கே 1996 முதல் இதற்கென்றே அரசு நிதியில் அமைப்பு இருந்துவருகிறது. 2019-ல் ஆறு தர அளவுகோல்களையும் வெளியிட்டார்கள். அவற்றைப் படித்துப் பயன் பெறலாம். அங்கே உள்ள குழு அமைப்பை அப்படியே இங்கே இறக்கி வைத்தால் ஓடாது. காரணங்கள் கீழே வருகின்றன.

நெறிமுறைக் குழுவில்தான் பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருக்கிறாரே, போதாதா?

போதாது. வழிகாட்டுதல்படி அந்தக் குழுவில் 7 முதல் 15 பேர். அதில் மருத்துவத் துறை சாராத பொது உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆனால் அவர் வேலை, எழுதி வந்த திட்டத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பது. திட்டத்தை உருவாக்குவதில் கைவைத்தவர் அதையே மதிப்பிடவும் கூடாது. அவருக்கு உங்கள் ஆய்வில் உள்ள நோய் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

எத்தனை பேர், எங்கே தேடுவது?

6 முதல் 8 பேர் அளவான குழு. மூன்று பேர் என்றால் ஒருவர் வராத நாளில் கூட்டமே நின்றுவிடும். பன்னிரண்டு என்றால் நான்கு பேர்தான் பேசுவார்கள். நிபுணர்கள் நிறைந்த கூட்டத்தில் ஒரே ஒரு நோயாளியை மட்டும் ஒருபோதும் உட்கார வைக்காதீர்கள். குறைந்தது இருவர் வேண்டும்.

தேடும்போது மூன்று இடத்தில் சறுக்கும்.

முதலாவது, ஊர்த் தலைவரிடம் கேட்பது. அவர் மறுக்காமல் ஆள் அனுப்புவார். அனுப்புகிறவர்கள் அவர் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். அவருக்குத் தகவல் சொல்லுங்கள், தேர்வை அவரிடம் விடாதீர்கள்.

இரண்டாவது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களையோ கிராம சுகாதார செவிலியரையோ நோயாளிகளின் பிரதிநிதியாக எடுத்துக்கொள்வது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தால் வீடு வீடாக யாருக்குச் சுகர், யாருக்குப் பிரஷர் என்று அவர்களுக்குத் தெரியும். ஆளைக் காட்டித்தர அவர்களைவிட நல்லவர்கள் இல்லை. ஆனால் மாத்திரை கொண்டுவந்து தருபவர் முன்னால் "மாத்திரையைச் சாப்பிடாமல் வைத்திருக்கிறேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டம் நடக்கும்போது அவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

மூன்றாவது, நன்றாகப் பேசுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையே ஒவ்வொரு ஆய்வுக்கும் கூப்பிடுவது. அவர் உழைப்பு பெரிது. ஆனால் பாளையங்கோட்டை நகருக்குள் இருப்பவர், திசையன்விளையிலிருந்து பஸ் மாறி வந்து ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பவருக்காகப் பேச முடியாது.

நல்ல இடங்கள்: மகளிர் சுய உதவிக் குழுக்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ச் சிகிச்சை நடக்கும் நாள், பீடித் தொழிற்சங்கம், மாற்றுத்திறனாளிகள் சங்கம், டிபி சிகிச்சையை முடித்தவர்கள். ஒரு தெருவில் மட்டும் எடுக்காதீர்கள். எந்தச் சமூகம், எந்தத் தெரு, வாய்க்கால் வரும் ஊரா வானம் பார்த்த ஊரா என்பதைப் பொறுத்து நோயும் வைத்தியமும் மாறுகின்றன. மானூர்ப் பக்கத்துக் கரிசல் விவசாயியும் கல்லிடைக்குறிச்சி வயற்காட்டுத் தொழிலாளியும் ஒரே அனுபவத்தைச் சொல்ல மாட்டார்கள்.

எங்கே, எப்போது கூடுவது?

இடத்தைப் பொறுத்தவரை, சாதியைப் பற்றி வெளிப்படையாக யோசித்தே ஆக வேண்டும். ஒரு சமுதாயத்தின் மண்டபத்தில் கூட்டம் போட்டால் மற்றச் சமுதாயத்தார் வர மாட்டார்கள். "எல்லாரும் வரலாம்" என்று நோட்டீஸில் போட்டும் பயன் இல்லை. கோயில் வளாகமும் ஆலயக் கூடமும் பள்ளிவாசல் கட்டடமும் சிலருக்கு வசதி, சிலருக்குத் தடை. அரசுப் பள்ளி, நூலகம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூட்ட அறை ஆகியவை பொதுவானவை. அந்தப் பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். நாற்காலி எல்லாருக்கும் ஒரே மாதிரி, வட்டமாக. டீ எல்லாருக்கும் ஒரே மாதிரித் தம்ளரில். இது சின்ன விஷயம் இல்லை. ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு வருவாரா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

ஆஸ்பத்திரிக் கருத்தரங்க அறை கடைசித் தேர்வாக இருக்கட்டும். அங்கே நுழைந்ததுமே மனிதர் நோயாளியாகிவிடுகிறார், குரல் இறங்கிவிடுகிறது.

நாள் குறிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிசான நெல் நடவு, அதோடு மழை. மாசி, பங்குனியில் அறுப்பு. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். கோடையில் ஊர் ஊராகக் கோயில் கொடை. மேலப்பாளையத்தில் வெள்ளிக்கிழமை மதியமும் நோன்பு மாதமும் வேண்டாம். கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு காலை ஆராதனையும், அசனம் (ஆலயப் பொது விருந்து) நடக்கும் நாட்களும் வேண்டாம். பீடி கொடுக்கும் நேரம் கடைக்குக் கடை வேறு, கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

இரண்டு மணி நேரம் போதும். நடுவில் 15 நிமிட இடைவேளை. சுகர் உள்ளவர்கள் இருந்தால் சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும், கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். படிக்க வேண்டியதை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் வைத்து நீட்டினால் கண்ணாடி கொண்டுவராதவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அழைக்கும் விதமும் முக்கியம். அறுபது வயதுப் பெண்ணை இளம் மருத்துவர் "வாம்மா, உக்காரும்மா" என்று கூப்பிட்டால் அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு மாற்றுக் கருத்தும் வராது. "நீங்க" என்பதும், "ஆச்சி", "அக்கா", "அண்ணாச்சி" என்பதும் இந்த ஊரில் இயல்பாக வருகிற மரியாதை. அவர்கள் "டாக்டரய்யா" என்று சொல்வதை நிறுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

பணம் கொடுக்க வேண்டுமா? எவ்வளவு?

கொடுக்க வேண்டும். அந்த அறையில் சம்பளம் இல்லாமல் இருப்பவர் நோயாளி ஒருவர்தான். அன்றைக்கு அவர் கூலியை விட்டுவிட்டு வருகிறார்.

நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். அதற்குக் கீழே போகக் கூடாது. வயல் வேலைக்கும் கொத்து வேலைக்கும் உள்ளூரில் கிடைக்கும் கூலி அதைவிட அதிகம் என்பதால் அதையே அளவாக வைப்பதும் சரியல்ல. மாதிரிக் கணக்கு ஒன்று: 8 பேர், ஆண்டுக்கு 6 கூட்டம். ஆளுக்கு மதிப்பூதியம் 600, போக்குவரத்து 150, சாப்பாடு 150, ஆக 900. 48 வருகைக்கு 43,200 ரூபாய். வீட்டில் படித்துவிட்டு வருவதற்குக் கூட்டத்துக்கு 300 வீதம் 14,400. அச்சு, செல்போன் ரீசார்ஜ், சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றுக்கு 10,000. மொத்தம் 67,600. இந்த வரியை நிதி விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பிறகு சேர்க்க முடியாது.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லைதான். ஆனால் தொலைவிலிருந்து வருபவர் ஏறுவது புறநகர்ப் பேருந்து. துணைக்கு வருபவரின் கட்டணத்தையும் சேருங்கள். கால் புண்ணோ மூச்சுத் திணறலோ உள்ளவருக்கு ஆட்டோ வாடகை கொடுக்க வேண்டும்.

பணம் எப்படிக் கைக்குப் போகிறது என்பதில்தான் பல குழுக்கள் உடைகின்றன. அலுவலகக் கணக்குப் பிரிவு பான் எண், ரத்து செய்த காசோலை எல்லாம் கேட்கும். மூன்று மாதம் கழித்து, வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் கணக்குக்குப் பணம் போகும். தொடங்கும் முன்பே நிறுவனத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, முன்பணமாக எடுத்து, கூட்டம் முடிந்ததும் உறையில் போட்டுக் கையில் கொடுங்கள், வவுச்சரில் கையெழுத்தோ ரேகையோ வாங்கிக்கொண்டு. 5,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் ரசீதில் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும்.

எனக்குப் படிப்பு இல்லையே. டாக்டர்கள் நடுவில் நான் என்ன சொல்ல முடியும்?

உங்களிடம் கேட்கப்போவது மருத்துவப் பாடம் இல்லை. மாத்திரை எந்த வேளைக்கு விட்டுப்போகிறது, ஏன் விட்டுப்போகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போய்வந்தால் வீட்டில் எது நின்றுபோகிறது. எந்தக் கேள்வியை மாமியார் முன்னால் கேட்டால் பதில் சொல்ல மாட்டீர்கள். இவற்றுக்கு உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. எழுதித் தந்ததை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத சொல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உங்களுக்குப் புரியாத சொல், நாளைக்கு ஆய்வுக்கு வரும் நூறு பேருக்கும் புரியாது; அதைப் பிடித்துக் கொடுப்பதே ஒரு வேலை.

மக்களிடமிருந்து ஆய்வுக் கேள்வியை எடுப்பது எப்படி?

2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி இதற்கு நல்ல வழி ஒன்றை உருவாக்கியது. நோயாளி, பராமரிப்பவர், மருத்துவர் மூவரிடமும் விடை தெரியாத கேள்விகளைத் திரட்டி, ஏற்கெனவே விடை இருப்பதைக் கழித்து, மீதியை வரிசைப்படுத்தி, முதல் பத்தை வெளியிடுவார்கள். அதன் சிறு வடிவத்தை ஒரு ஒன்றியத்தில் இரண்டு மாதத்தில் செய்துவிடலாம்.

20 முதல் 30 பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "உங்க சீக்கைப் பத்தி யாரும் பதில் சொல்லாத கேள்வி எது?" என்ற ஒரே கேள்வி போதும். சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். "கால் எரியுது, ராத்திரி தூங்க விட மாட்டேங்குது" என்பதை நரம்புப் பாதிப்பு என்று மாற்றி எழுதினால் கேள்வியின் உயிர், அதாவது தூக்கம், போய்விடும். ஒரே மாதிரி வருவதைச் சேர்த்தால் 12 முதல் 15 கேள்வி தேறும். விடை ஏற்கெனவே உள்ளவற்றைக் கண்டுபிடிப்பது ஆய்வாளர் பொறுப்பு. அந்த விடைகளைக் கேட்டவரிடம் போய்ச் சொல்வதும்தான்.

பிறகு வாக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படம் ஒட்டிய டப்பா. ஆளுக்கு 10 புளியங்கொட்டை. முக்கியம் என்று தோன்றுவதில் கூடுதலாகப் போடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தெரிந்தவரும் இதில் சமம். டப்பா திறந்திருந்தால் முதலில் போட்டவரைப் பார்த்து மற்றவர்கள் போடுவார்கள், அதனால் மூடியில் துளை போட்டு மூடிவையுங்கள். ஆண்களின் கொட்டையையும் பெண்களின் கொட்டையையும் இரண்டு நிறத்தில் சாயம் தோய்த்து வைத்தால், மொத்தக் கணக்கில் மறைந்துபோகும் பெண்களின் முன்னுரிமை தனியாகத் தெரியும்.

ஒப்புதல் படிவத்தைக் கூட்டாளிகள் பார்ப்பதால் என்ன மாறும்?

பெரும்பாலும் எல்லாமே. வழக்கமான படிவம் ஆங்கிலத்தில் எழுதி, யாரோ மொழிபெயர்த்து, ஆறேழு பக்கத்துக்கு நீளும். கூட்டாளிகள் அதை இரண்டு பக்கத்துக்குக் கொண்டுவர முடியும். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. எந்த மருந்து யாருக்கு என்பதைக் கணினி முடிவு செய்யும் என்பதைவிட, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் முடிவாகும், டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது என்றால் விளங்கும். "5 மி.லி. ரத்தம்" என்பதோடு "ஒரு தேக்கரண்டி அளவு" என்று சேர்த்தால், ரத்தத்தைப் பாட்டிலில் எடுத்துவிடுவார்கள் என்ற பயம் போகும்.

சரிபார்க்கும் முறை: ஒருவர் வாசித்துக் காட்ட, மற்றொருவர் தாளைப் பார்க்காமல் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரி மாற வேண்டும். இதை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புவதற்கு 6 வாரம் முன்பு தொடங்குங்கள்.

நான் கூட்டாளியாகச் சேர்ந்தால் புது மருந்து எனக்கு முதலில் கிடைக்குமா? விலகினால் சிகிச்சை பாதிக்குமா?

இரண்டும் இல்லை, இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரே உங்களை அழைத்தால் மறுப்பது கடினம் என்பதால், அழைப்பு வேறொருவர் மூலம் வருவதே முறை. காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

கூட்டாளிகளோடு பேசுவதற்கே நெறிமுறை ஒப்புதல் வேண்டுமா?

திட்டத்தைப் பற்றி ஆலோசனை கேட்பது வேறு, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்து ஆய்வுத் தரவாக எழுதுவது வேறு. பின்னதற்கு ஒப்புதல் தேவை, அவர்கள் ஒப்புதலும் சேர்த்து. எல்லை மங்கலாக இருந்தால் குழுச் செயலரிடம் முன்பே எழுதிக் கேளுங்கள். கூட்டாளிகள் வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டப் போகிறார்கள் என்றால் பயிற்சியும், ரகசியம் காப்போம் என்ற கையெழுத்தும் கட்டாயம்.

ரகசியம்?

வாட்ஸ்அப் குழு தொடங்கும் முன் நிறுத்தி யோசியுங்கள். குழுவில் சேர்ந்ததுமே எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். குழுவின் பெயரில் நோயின் பெயர் இருந்தால் செல்போனை எடுத்துப் பார்க்கும் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். எச்.ஐ.வி. ஆய்வில் இது சட்டப் பிரச்சினையும் ஆகும். 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. டிபி, மனநோய், குழந்தையின்மை ஆய்வுகளிலும் அதே கவனம் வேண்டும். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். தொடக்க விழா பிளக்ஸில் படம் போட வேண்டாம்.

மலையில் இருக்கும் காணிப் பழங்குடி மக்களோடு வேலை செய்வதென்றால்?

பாபநாசத்துக்கு மேலே மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி போன்ற குடியிருப்புகள் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அந்த அனுமதி வனத்துறையின் சம்மதம் மட்டுமே. காணி மக்களின் சம்மதத்தைத் தனியாக, அவர்கள் கூடிப் பேச அவகாசம் கொடுத்துக் கேட்க வேண்டும்.

மூலிகை பற்றிய ஆய்வு என்றால் மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1987-ல் அகத்தியமலைக்குப் போன ஆய்வாளர்களுக்கு, களைப்பு நீக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் கேரளக் காணிகள் காட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடானது. உலகம் முழுவதும் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆனால் அறக்கட்டளை 1997-ல்தான் பதிவானது. மருந்தும் உரிமமும் அதற்கு முன்பே வந்துவிட்டன. பங்கு பற்றிய பேச்சு முதல் நாளிலேயே நடக்க வேண்டும். இப்போது இந்தப் பங்கைப் பற்றிப் பேசும் 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் இருக்கிறது.

காது கேளாதவர், பார்வையற்றவர்?

பாளையங்கோட்டையில் இவர்களுக்கான பள்ளிகள் நூறாண்டுக்கு மேலாக இருக்கின்றன. சைகை மொழி தெரிந்தவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காரணம் இந்த ஊரில் எடுபடாது. இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும், மாறி மாறிச் செய்ய. வீட்டார் மொழிபெயர்த்தால் போதும் என்று விடாதீர்கள். சொல்ல வந்ததை அவர்கள் சுருக்கிவிடுவார்கள்.

முதுநிலை ஆய்வேட்டுக்கு நேரமே இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். தலைப்பை வழிகாட்டியிடம் கொடுக்கும் முன் அதே நோயுள்ள ஐந்து பேரோடு ஒரு மணி நேரம். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் படிவத்தை இருவரிடம் வாசித்துக் காட்டி ஒரு மணி நேரம். முடிவு வந்ததும் "இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தோணுது?" என்று கேட்டு ஒரு மணி நேரம். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் முதலாவதைச் செய்யுங்கள்.

கூட்டாளிகள் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. "எல்லாருக்கும் மருந்து கொடுங்க, சீட்டுப் போடாதீங்க" என்பார்கள். ஒப்பிடும் ஆய்வில் அது முடியாது. ஏன் முடியாது என்று விளக்கிவிட்டு, ஆய்வு முடிந்ததும் மருந்து பயனுள்ளதாக இருந்தால் மற்றக் குழுவுக்கும் கொடுக்க முடியுமா என்று அவர்களோடு சேர்ந்து யோசிக்கலாம். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு வையுங்கள்: தேதி, என்ன சொன்னார்கள், என்ன மாறியது, மாறாவிட்டால் ஏன். அடுத்த கூட்டத்தை அதை வாசித்துத் தொடங்குங்கள். சொன்னது எங்கே போனது என்று தெரியாவிட்டால் மூன்றாவது கூட்டத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

கட்டுரை எழுதும்போதும் அந்த நோட்டு கைகொடுக்கும். நோயாளிகளை ஈடுபடுத்தியதை எப்படி எழுதுவது என்பதற்கு 2017-ல் வந்த கிரிப்-2 பட்டியலின் சுருக்க வடிவில் ஐந்தே அம்சங்கள்: நோக்கம், முறை, விளைவு, அதன் பொருள், எது சரியாக நடந்தது எது நடக்கவில்லை என்ற மதிப்பீடு.

கட்டுரையில் கூட்டாளியின் பெயர் வருமா?

ஆய்வை உருவாக்குவதில் கணிசமான பங்கு, வரைவைத் திருத்தியது, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், பொறுப்பேற்பு என்ற நான்கும் இருந்தால் ஆசிரியராகவே வரலாம். வரைவைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் "அவர் திருத்தவில்லை" என்று சொல்லி நீக்குவது நேர்மை இல்லை. நன்றிப் பகுதியில் போடுவதற்கும் சம்மதம் கேட்க வேண்டும். பெயர் வந்தால் நோயும் வெளியே வரும்.

எங்கள் ஊரில் என்ன மருந்துச் சோதனை நடக்கிறது என்று நாங்களே பார்க்க முடியுமா?

இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 முதல் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. மருந்துச் சோதனைகளைப் பதிவது 2009 முதல் கட்டாயம். எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை பேரிடம், நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்ததா, யாரிடம் கேட்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலத்தில் உள்ளது, கல்லூரி படிக்கும் பிள்ளையை உட்காரவைத்துத் தேடுங்கள்.

ஆய்வு முடிந்த பிறகு?

முடிவு இதழில் வருவதற்குக் காத்திருக்காமல், அதே ஊரில் அதே இடத்தில் கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். ஒரு பக்கத் தாள், பெரிய எழுத்து. மருந்து வேலை செய்யவில்லை என்பதும் முடிவுதான்; அதைச் சொல்லாமல் விட்டால் "நம்மகிட்ட வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வரல" என்ற பேச்சு அடுத்து வரும் ஆய்வாளரின் வாசலில் நிற்கும். அந்தத் தாளை எழுதுவதும் கூட்டத்தில் பேசுவதும் கூட்டாளிகளாக இருந்தால் ஊர் கேட்கும்.

நிதி தீர்ந்தால் குழுவும் நின்றுவிடும் என்றால் அதை முதல் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைசிக் கூட்டத்துக்கான மதிப்பூதியத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். பணியைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் கொடுங்கள், நோயின் பெயரைப் போடாமல். அடுத்த ஆய்வுக்குக் கூப்பிடலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, "கூப்பிடலாம்" என்றவர்களின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.